ரத்தம் எடுத்துப் போனவள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வுச் செவிலியாக எனக்குப் பதினேழு வருஷம். சர்க்கரை நோய் ஆய்வுகளுக்காகச் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருமுறை கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஓர் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நீதானே ரெண்டு குழாய் ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனே? அது என்னா ஆச்சு?"

மூன்று வருஷம் ஓடிவிட்டது. என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. தன் சம்மதம் இல்லாமல் யாரும் மருத்துவச் சோதனைக்கு ஆளாகக் கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 12ஆம் பிரிவு. ஆயாவின் கையெழுத்து எங்களிடம் பத்திரமாக இருந்தது. சட்டம் திருப்தி. ஆயாவுக்குத்தான் பதில் இல்லை.

இப்போது ஓர் ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். சான் மக்களைப் பற்றிய விண்ணப்பம் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

இந்நாட்டின் மூத்த குடிகள் அவர்கள். வேட்டைக்குப் போகையில் பசியும் தாகமும் தெரியாமல் இருக்க ஹூடியா என்ற கசப்புச் செடியை மென்றார்கள். அந்த அறிவை வைத்து 1990களில் தென்னாப்பிரிக்க அரசின் சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வு மன்றம் காப்புரிமை வாங்கியது, உடல் இளைக்கும் மருந்துக்காக வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்து, 2003இல்தான் ஒப்பந்தம் ஆனது: சி.எஸ்.ஐ.ஆருக்கு வரும் உரிமத்தொகையில் 6 சதவீதம். கடைசியில் மருந்தே கடைக்கு வரவில்லை. எதில் 6 சதவீதம்?

2010இல் இன்னொன்று. நமீபியாவைச் சேர்ந்த நான்கு சான் பெரியவர்களின் மரபணு வரிசை வெளியானது. அந்த நான்கு பேரும் சம்மதித்தவர்கள்தான். ஆனால் மரபணு ஒருவருடைய தனிச் சொத்தா? நான் என் மரபணுவைக் கொடுத்தால் என் அக்கா பிள்ளைகளின் ரகசியமும் கூடவே போகிறதே. தங்கள் மன்றங்களைக் கேட்கவே இல்லையே என்று சான் தலைவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தின் விளைவுகளில் ஒன்று, 2017 மார்ச்சில் அவர்களே வெளியிட்ட ஆய்வு நெறிமுறை: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறைப்படி அனுமதி. அதற்கு உழைத்து மறைந்த சான் தலைவர் ஆண்ட்ரீஸ் ஸ்டீன்காம்ப், ஆய்வாளர்கள் ஜன்னல் ஏறிக் குதிக்காமல் வாசல் வழியாக வரட்டும் என்று சொல்லிவந்தார். வாசல் என்றால் சான் மன்றம்.

நம் வீடுகளில் கொதிக்கும் ரூய்போஸ் தேநீரும் இந்தக் கதையில் உண்டு. 2019 ஒப்பந்தப்படி, அந்தச் செடியைப் பற்றிய பாரம்பரிய அறிவுக்காக, பண்ணை விலையில் 1.5 சதவீதம் சான் மக்களுக்கும், இன்னொரு பூர்வகுடியான கொய் மக்களுக்கும் போக வேண்டும்.

நமக்கு இது அந்நியமான வலி அல்ல. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேரின் பதிவேட்டைப் பாருங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம். என் கொள்ளுத்தாத்தா ஒரு முழங்கால் தழும்பாகத்தான் அதில் இருக்கிறார். அதற்காக நாமும் அவர்களும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். நாம் வந்து இறங்கியவர்கள், அவர்கள் தங்கள் மண்ணிலேயே நிலம் இழந்தவர்கள்.

போன மாதம் ஒரு விண்ணப்பத்தில், 'முடிவுகளை மக்களுக்கு எப்படித் தெரிவிப்பீர்கள்?' என்ற இடத்தில், ஆய்விதழில் வெளியிடுவோம் என்று எழுதியிருந்தது. சான் மக்கள் வாழும் கலஹாரிப் பாலைவனத்தில் அந்த இதழ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். கொஞ்சம் குத்தல்தான்.

ஆயாவின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுக்க நான்கு மாதம் பிடித்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 13 மில்லிமோல், நோய் என்று சொல்லும் அளவு. அதாவது, மூன்று வருஷத்துக்கு முன்பே. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, கண்ணு" என்றார்.