ஏற்காட்டில் எரிய மறுத்த விளக்கு

ஏற்காட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, எங்கள் புரொஜெக்டர் பழையது. பாடத்தின் நடுவில் கரண்ட் போய்த் திரும்பினால், விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது. சத்துணவு ஆயா எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுச் சூடம் காட்டிய பிறகு போட்டால் எரிகிறது. மூன்று முறை இப்படி நடந்துவிட்டது. பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?"

அவர் கண்டது உண்மை. அதற்கான காரணம் அந்தப் பெட்டிக்குள், பட்டாணி அளவே உள்ள ஒரு குவார்ட்ஸ் குமிழுக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. திரையில் நீல நிறமோ நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால் விளக்கு நலம். கேபிளையும், மடிக்கணினி படத்தை வெளியே அனுப்புகிறதா என்பதையும் பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் பெட்டியின் மேல் சிவப்புப் புள்ளி மின்னினால் கோளாறு விளக்கில், அல்லது வெப்பத்தில்.

பழைய புரொஜெக்டர்களில் இருப்பது மிகை அழுத்தப் பாதரச விளக்கு. 1990களில் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. இரண்டு டங்ஸ்டன் முனைகள். நடுவே ஒரு கடுகு நுழையும் இடைவெளி, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். திரை முழுவதையும் நிறைக்கும் ஒளி அந்தக் கடுகளவு இடத்தில்தான் பிறக்கிறது. ஒளி பிறக்கும் இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நன்றாக அதைக் குவிக்கலாம். டியூப் லைட்டிலும் பாதரசம்தான், ஆனால் அங்கே அழுத்தம் மிகக் குறைவு. இங்கே விளக்கு முழுதாக எரியும்போது உள்ளே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம். கடலுக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது!

குளிர்ந்த நிலையில் இந்த அழுத்தம் இல்லை. பாதரசம் பொட்டுப் பொட்டாகச் சுவரில் ஒட்டியிருக்கும். மீதி இடத்தில் கொஞ்சம் ஆர்கான் வாயு. பட்டனை அழுத்தியதும் பல ஆயிரம் வோல்ட் மின்துடிப்பு பாய்கிறது. ஓர் எலக்ட்ரான் ஓடி வேகமெடுத்து ஓர் அணுவை மோதி இன்னோர் எலக்ட்ரானை விடுவிக்கிறது. அவை இரண்டும் ஓடி நான்காகின்றன. கண நேரத்தில் மின்சாரம் பாயப் பாதை திறந்துவிடுகிறது. பிறகு சூட்டில் பாதரசம் ஆவியாக, ஒளி ஏறுகிறது.

திடீரென மின்சாரம் போனால் விளக்கு அணைகிறது, ஆனால் குமிழ் ஆறவில்லை. பாதரசம் இன்னும் ஆவியாகவே நெருக்கியடித்து நிற்கிறது. ஆடித் திருவிழாவில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் ஓட முயன்றிருக்கிறீர்களா? இரண்டடி வைப்பதற்குள் ஒருவர் மேல் இடித்துக்கொள்வீர்கள். எலக்ட்ரானுக்கும் அதே கதி. அணுவிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பெயர்க்கும் வேகம் எடுப்பதற்குள் அடுத்த அணு குறுக்கே வந்துவிடுகிறது. குளிர்ந்த விளக்கைப் பற்றவைத்த அதே மின்துடிப்பு இப்போது போதாது. கருவி சில முறை முயன்று பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்கிறது.

எலுமிச்சம்பழம் தேடி, சூடம் கொளுத்தி முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் குமிழ் ஆறி, பாதரசம் மறுபடி பொட்டுகளாகச் சுவரில் படிந்துவிடுகிறது. ஆயாவைப் பிள்ளைகள் முன் குறை சொல்ல வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் மூன்று முறையும் கவனித்து ஒரு தொடர்பைக் கண்டார். அறிவியலின் முதல் படி அதுதான். அடுத்த முறை பழமில்லாமல் அதே நேரம் காத்திருந்து பார்ப்பது இரண்டாம் படி. நம் வகுப்பறைகளில் இந்த இரண்டாம் படி விடுபட்டுப் போவதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

மலைக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும், வெப்பத்தை அள்ளிச் செல்லக் காற்று குறைவாகவே கிடைக்கிறது. இதற்காகவே பல புரொஜெக்டர்களின் மெனுவில் உயரமான இடத்துக்கான அமைப்பு ஒன்று இருக்கும். அதைப் போட்டால் விசிறி வேகமெடுக்கும். நேரில் போய்ப் பார்த்தேன்: அந்த அமைப்பு அணைந்தே கிடந்தது. பக்கவாட்டு வடிகட்டியைக் கழற்றினால், பஞ்சு மெத்தை போலச் சாம்பல் நிறத்தில் தூசி அடர்ந்திருந்தது. விரலால் சுரண்டியதும் அப்படியே தோலாக உரிந்து வந்தது.

காத்திருந்தும் எரியாவிட்டால் விளக்கின் ஆயுள் முடிந்திருக்கலாம். இரண்டாயிரம் முதல் நான்காயிரம் மணி நேரம்தான் அதன் கணக்கு. உள்ளே 'டப்' என வெடித்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். பாதரச ஆவி நஞ்சு. கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் மாற்று விளக்குக்கும் ஒதுக்க வேண்டும். விளக்கில்லாத புரொஜெக்டர் பீரோவில் பூட்டிக் கிடப்பதைப் பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன், மனம் பொறுக்கவில்லை.

சென்ற வாரம் ஆசிரியை மறுபடி பேசினார். இதயம் பற்றிய பாடத்தின் நடுவில் கரண்ட் போயிருக்கிறது. பதினைந்து நிமிடம் கரும்பலகையில் வரைந்து நடத்திவிட்டு, ஆயாவையே அழைத்துப் பட்டனை அழுத்தச் சொன்னாராம். முதலில் மங்கலாகத் தொடங்கிய ஒளி, ஒரு நிமிடத்தில் வெளுத்துத் திரையை நிறைத்ததாம்.