இரைப்பை பைபாஸுக்குப் பிறகு வலிக் குளிசை புண்ணை உண்டாக்குவது எப்படி?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு இரைப்பை பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தார்கள். முழங்கால் வலிக்கு டைக்லோபெனாக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட்டார். அப்படியிருந்தும் புண் வந்தது ஏன்?"

இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளியும் இருகாபனேற்றும் சுரப்பதற்கும், அச்சுவருக்கு இரத்தம் சீராக ஓடுவதற்கும் புரொஸ்ராகிளாண்டின்கள் எனப்படும், உடலே உண்டாக்கும் பொருட்கள் வேண்டும். அஸ்பிரின் வகை மருந்துகள் (டைக்லோபெனாக்கும் இந்த வகைதான்) இவற்றின் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் வேன் காட்டினார்; 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வலியைத் தணிப்பதும் காப்பைக் குலைப்பதும் ஒரே தடைதான். மருந்து இரத்தத்தின் வழியாகவும் சுவரை அடைவதால், உணவுக்குப் பிறகு போட்டாலும் ஊசியாக ஏற்றினாலும் ஆபத்து நீங்காது. அறுவடைக் காலத்தில் இடுப்பு வலியோடு படுவான்கரையிலிருந்து வருகிறவர்களிடம் 'ஊசி வயிற்றைக் கெடுக்காது' என்று சொல்வது பிழையான ஆறுதல்.

பைபாஸ் செய்தவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. வழக்கமாக, இரைப்பையை விட்டு வெளியேறும் அமிலத்தை முன்சிறுகுடலிலேயே காரத்தன்மையுள்ள கணையநீர் நடுநிலையாக்கிவிடும். பைபாஸில், மேலே எஞ்சும் சிறிய பையோடு இடைச்சிறுகுடலை நேரடியாக இணைத்துத் தைக்கிறார்கள். கணையநீரும் பித்தமும் ஏறக்குறைய ஒரு மீற்றர் தள்ளித்தான் வந்து கலக்கின்றன. ஆகவே சிறிய பை சுரக்கும் கொஞ்ச அமிலமும், அமிலத்துக்குப் பழக்கப்படாத குடற்சுவரில் நடுநிலையாகாமலே படுகிறது. புண் பெரும்பாலும் தையலை ஒட்டி, குடற்பக்கமாகவே தோன்றுவது இதனால்தான். புண் இருக்கும் இடமே அதன் காரணத்தைச் சொல்லிவிடுவது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

எண்டோஸ்கோப்பியில் இந்தப் புண் நேரடியாகத் தெரியும். ஆனால் வயிற்றுக்குள்ளேயே விடப்பட்ட பழைய இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோப்பி எட்டாது. அங்கே இரத்தம் கசிந்தால் வேறு வழியில்தான் தேட வேண்டும். ஹெலிக்கோபக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனையும், புகைபிடித்தலைப் பற்றிய விசாரணையும் அவசியம். பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய குளிசைகளையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சையில் முதல் வேலை, வைத்தியரின் ஆலோசனையோடு அந்த வலிக் குளிசையை நிறுத்துவது. இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் வகை மருந்தைக் கப்சூலைத் திறந்து கொடுக்கும்போது, இவர்களின் புண் விரைவாக ஆறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறிய பையில் கப்சூல் கரைவதற்கு நேரம் போதாது. புண்ணின் மேல் படிந்து அதைக் காக்கும் சுக்கிரல்பேற்று மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. வலிக்குப் பெரும்பாலும் பரசிற்றமோல் போதும். புண் ஆறியதை மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டும் கறுப்பு மலமோ திடீரென்ற கடும் வயிற்றுவலியோ ஏற்பட்டால், அம்மாவை உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.