பின்னலாடை இறக்குமதி: திருப்பூர் பில்லில் உள்ள எண்ணை அப்படியே எழுதலாமா?

திருப்பூரிலிருந்து டி-ஷர்ட், பனியன் தருவித்து சிங்கப்பூரின் தேக்காவில் விற்பவர்கள், ஏற்றுமதியாளர் இன்வாய்ஸில் போட்ட எட்டு இலக்க எச்எஸ் எண்ணை (சுங்கத்துக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) அப்படியே சிங்கப்பூர் இறக்குமதி பெர்மிட்டில் எழுதிவிடுவது உண்டு. எழுதக்கூடாது. முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்கெல்லாம் பொது. கடைசி இரண்டு இலக்கத்தை இந்தியா தனக்கென வகுத்திருக்கிறது. சிங்கப்பூரில் செல்லுபடியாவது ஆசியான் நாடுகளின் பொதுவான எட்டு இலக்கப் பட்டியல். சுங்கத்துறையின் இணையத் தேடலில் முதல் ஆறு இலக்கத்தைப் போட்டு, இங்குள்ள எட்டு இலக்கத்தைப் பார்த்து எடுங்கள்.

துணிமணிக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகியவற்றுக்குத்தான் உண்டு. ஆனால் 9% பொருள் சேவை வரி உண்டு. சரக்கு விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். சரக்கு 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கூலி 500, காப்புறுதி 60 என்றால் 8,560 வெள்ளிக்கு வரி 770.40 வெள்ளி. கூலியை விட்டுவிட்டு 8,000-க்கு மட்டும் கட்டினால் அது குறைவான அறிவிப்பு.

தீர்வைதான் இல்லையே, எண் எதுவானால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பெர்மிட்டில் தவறான விவரம் தருவதே குற்றம். அதே சரக்கை இங்கிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பினால், அங்கே எவ்வளவு தீர்வை என்பதற்கும் இந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம்தான் அடிப்படை.

முதலில் துணியைப் பாருங்கள். கண்ணிகளாகப் பின்னியது 61-ஆம் அத்தியாயம், அதாவது எண் 61-இல் தொடங்கும். பாவும் ஊடுமாக நெய்தது 62. இழுத்தால் நீள்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ் நீளும், ஆனால் நெய்த துணி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணி தெரிகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. பிரா, கார்செட் போன்றவை விலக்கு: பின்னலானாலும் 6212.

அடுத்து உடையின் வகை. காலரும் பட்டனும் இல்லாத சாதாரண டி-ஷர்ட் 6109. காலரும் கழுத்தில் பாதிப் பட்டனும் உள்ள ஆண்கள் போலோ 6105. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தப் போலோவின் அடி விளிம்பில் இறுக்கும் ரிப் வைத்தாலோ, இடுப்புக்குக் கீழே பை வைத்தாலோ 6105-இல் இருக்க முடியாது. பெரும்பாலும் ஸ்வெட்டர், புல்ஓவர் வகைக்கான 6110-க்குப் போகும். கையில்லாத சட்டையும் 6105-இல் சேராது. 10 செ.மீ. சதுரத்தில் எண்ணிப் பார்த்து, சராசரியாக ஒரு செ.மீ.க்கு 10 கண்ணிக்குக் குறைவான தடித்த பின்னலும் அப்படியே. இந்தப் பை, ரிப், கண்ணி விதிகள் பெண்கள் பிளவுஸுக்கான 6106-க்கும் பொருந்தும். முன்பக்கம் இடது ஓரம் வலதின் மேல் வந்தால் ஆண்கள் உடை, வலது ஓரம் இடதின் மேல் வந்தால் பெண்கள் உடை. உடை வெட்டித் தைக்கப்பட்ட விதமே எதிர்ப்பாலருக்கானது என்று தெளிவாகக் காட்டினால் இது பொருந்தாது. யாருக்கென்று பிரித்தறியவே முடியாவிட்டால் பெண்கள் வகையில் வைக்க வேண்டும். 86 செ.மீ. உயரம் வரையிலான குழந்தைகளின் உடை 6111.

பிறகு நூல். எடையில் எது அதிகமோ அதுதான் கணக்கு. 60% பருத்தி, 40% பாலியெஸ்டர் டி-ஷர்ட் 6109.10. சரிபாதி என்றால் எச்எஸ் பட்டியல் வரிசையில் கடைசியாக வரும் நூலின் பக்கம் சாயும். பருத்தி முந்தியது, செயற்கை நூல் பிந்தியது, எனவே 6109.90. மூன்று நூல் கலந்தால் கவனம் வேண்டும். பருத்தி 40, பாலியெஸ்டர் 30, விஸ்கோஸ் 30 என்றால் பருத்தி வெல்வதில்லை. பின்னிரண்டும் செயற்கை வகை என்பதால் ஒன்றாகக் கூட்டி 60 என்று எடுக்க வேண்டும். ஆகவே சப்ளையரிடம் ‘காட்டன் மிக்ஸ்’ என்று எழுதி வாங்காதீர்கள், சதவீதத்தைக் கேளுங்கள்.

டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் ஒரே பாக்கெட்டில் வந்தாலும், அவை தனித்தனித் தலைப்புக்குரியவை என்பதால் பெர்மிட்டில் இரண்டு வரியாக, மதிப்பைப் பிரித்து எழுத வேண்டும். இதைப் பெர்மிட் எடுத்துத் தரும் முகவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பாக்கெட்டைத் திறந்து பார்க்காமல் ‘செட்’ என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள்.

எந்த எண் என்று தீராத சந்தேகம் இருந்தால், சரக்கு கிளம்புமுன் சுங்கத்துறையிடம் முன்கூட்டிய வகைப்பாட்டுத் தீர்ப்பு கேட்கலாம், கட்டணம் உண்டு. படம், நூல் சதவீதம், அளவு, பின்னல் விவரம் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கட்டும். பெர்மிட் எடுத்த பின் பிழை தெரிந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல் தானாக முன்வந்து தெரிவிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் பட்டியல், சரக்கு ரசீது எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அவற்றோடு துணியின் ஒரு சிறு துண்டையும் ஒட்டி வையுங்கள்.