ஆயிரம் லெவாவுக்கு ஒரு மார்க்: பல்கேரியா விலைவாசியை நிறுத்திய சட்டம்

1997 பிப்ரவரி என்ற ஒரே மாதத்தில் பல்கேரியாவில் விலைவாசி சுமார் 240 சதவீதம் ஏறியது. வருஷக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு. முதல் தேதியில் அந்நாட்டு நாணயமான லெவாவில் 100 கொடுத்தால் கிடைத்த பொருள் மாதக் கடைசியில் 340 லெவா. சம்பளமோ மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அது கைக்கு வருவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். 1996 தொடக்கத்தில் சுமார் 70 லெவா கொடுத்தால் ஒரு டாலர் கிடைத்தது, இந்த பிப்ரவரியில் ஏறத்தாழ 3,000 லெவா வேண்டியிருந்தது.

எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள்? நஷ்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கு வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தன, அந்தக் கடன் திரும்பவில்லை, தள்ளாடிய வங்கிகளுக்கு மத்திய வங்கி புதுப் பணம் கொடுத்து முட்டுக்கொடுத்தது, அரசு பட்ஜெட்டில் விழுந்த துண்டுக்கும் அதே வழிதான். பணம் பெருகப் பெருக லெவா மேல் இருந்த நம்பிக்கை போய், மக்கள் டாலருக்கு ஓடினார்கள். 1996-ல் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1997 ஜனவரியில் தலைநகர் சோபியாவில் மக்கள் திரண்டு நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டார்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். 1997 ஜூலை 1 முதல் 1,000 லெவாவுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று மத்திய வங்கிச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதற்கு நாணய வாரியம் என்று பெயர். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். விகிதத்தை அறிவிப்பது எந்த அரசுக்கும் சுலபம், கையிருப்பு தீர்ந்ததும் அதைக் கைவிடுவதும் சுலபம். நாணய வாரியத்தில் அந்த எண்ணைவிட அதைச் சுற்றிப் போட்ட வேலிதான் முக்கியம். வெளியில் புழங்கும் ஒவ்வொரு லெவாவுக்கும் ஈடாக அந்நியச் செலாவணியோ தங்கமோ மத்திய வங்கியில் இருந்தாக வேண்டும். லெவாவைக் கொண்டுவந்து கேட்டால் அந்த விகிதத்தில் மார்க்கைக் கொடுத்தாக வேண்டும். அரசுக்கு மத்திய வங்கி கடன் தரக் கூடாது. கையிருப்பு எவ்வளவு, அதன் மேல் உள்ள பொறுப்பு எவ்வளவு என்ற கணக்கு வாராவாரம் வெளியாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஓர் உதாரணம். ஏற்றுமதி செய்த ஒருவர் 100 மார்க் கொண்டுவருகிறார் என்றால் 1,00,000 லெவா புதிதாகப் புழக்கத்துக்கு வரும், அந்த 100 மார்க் கையிருப்பில் உட்காரும். யாராவது 1,00,000 லெவாவைக் கொடுத்து மார்க் வாங்கினால் அவ்வளவு லெவா புழக்கத்திலிருந்து போய்விடும். நடுவில் நிதியமைச்சர் நினைத்தால் அச்சடிக்கலாம் என்ற கதவே கிடையாது. விலை அடங்கியதற்கு இதுதான் காரணம். 1998 டிசம்பரில் பார்த்தால், முந்தைய டிசம்பரைவிட விலை 2 சதவீதம்கூட ஏறியிருக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டம் விலையை நிறுத்தியது, அவ்வளவுதான். பழைய விலைக்கு எதையும் திருப்பவில்லை. லெவாவில் சேமித்து வைத்திருந்தவர்களின் பணம் ஜூலைக்கு முன்பே செல்லாக்காசு ஆகிவிட்டது. அதிலும் ஓய்வூதியத்தை நம்பியிருந்த முதியவர்களின் பாடுதான் மிகவும் கொடுமை, இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்கள் அவர்களை மறந்துவிடக் கூடாது. அப்புறம், பொருளாதாரம் சரியும்போது நாணய மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும் வசதி போய்விடும். தள்ளாடும் வங்கிக்கு மத்திய வங்கி கைகொடுப்பதற்கும் மிகக் குறுகிய வரம்புதான்.

இதே வழியில் போய் அர்ஜென்டினா அடிபட்டது. 1991-ல் அங்கே அப்போதைய நாணயமான ஆஸ்திரல் 10,000-க்கு ஒரு டாலர், 1992 முதல் புது நாணயமான பெசோ ஒன்றுக்கு ஒரு டாலர் என்று சட்டம். விலைவாசி அங்கேயும் அடங்கியது. ஆனால் அச்சடிக்க முடியாத அரசு வெளிநாட்டில் கடன் வாங்கிக்கொண்டே போனது, 1999-ல் பக்கத்து நாடான பிரேசிலின் நாணயம் சரிந்ததும் அர்ஜென்டினாவின் சரக்கு விலை கூடிப்போய் ஏற்றுமதி படுத்தது. 2001 டிசம்பரில், வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதம் அந்தச் சட்டமே போய்விட்டது.

பல்கேரியா தப்பியதற்கு அரசு கடனைக் குறைத்தது பெரிய காரணம் என்பது என் கருத்து. 1997-ல் நாட்டின் ஒரு வருட உற்பத்திக்கு ஏறத்தாழ சமமாக இருந்த அரசுக் கடன், 2008-ல் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. 1999 ஜூலையில் மூன்று பூஜ்யங்களை வெட்டி, ஒரு புது லெவ் (லெவாவின் ஒருமை) ஒரு மார்க்குக்குச் சமம் என்று ஆக்கினார்கள். பிறகு மார்க்கே மறைந்து யூரோ வந்தது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்பதால் லெவாவுக்கும் அதே எண். 2026 ஜனவரி 1 அன்று பல்கேரியா யூரோவுக்கு மாறியபோது மக்கள் தங்கள் லெவாவை மாற்றிக்கொண்டதும் 1.95583 என்ற அந்தக் கணக்கில்தான்.