கடல்நாய்க் கோட்டுக்குள் ஒரு முயல்

நியூஜெர்சியில் இருக்கும் வாசகி ஒருவரிடமிருந்து ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, கறுப்பு ஃபர் கோட் ஒன்றை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். "எங்கம்மாவோடது, சீல் தோல்" என்று மட்டும் சொன்னாராம். சீல் என்றால் கடல்நாய். நிஜமாகவே கடல்நாய்தானா, எந்தக் காலத்துக் கோட், எப்படிக் கண்டுபிடிப்பது? போன மாதம் ஊருக்கு வந்தபோது, தையலோரத்திலிருந்து பிடுங்கிய பத்துப் பன்னிரண்டு முடிகளைத் தபால் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே கோட்டின் படங்கள்.

முதலில் வயது. உள்துணியில் தைத்திருந்த லேபிளில் கடையின் பெயர், அதற்குக் கீழே 'நியூயார்க் 1'. அந்த ஒன்று பெரிய துப்பு. அமெரிக்க நகரங்களுக்கு இப்படி அஞ்சல் மண்டல எண் கொடுக்கத் தொடங்கியது 1943-ல். 1963 ஜூலையில் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்ததும் அந்த வழக்கம் போய்விட்டது. ஆக இருபது வருடத்துக்குள் அடங்கிவிட்டது. கோட்டின் தோள்பட்டையில் கனமான பஞ்சுத் திண்டு இருக்கிறது. 1947-க்குப் பிறகு மென்மையான, சரிந்த தோள்தான் நாகரிகம் என்று ஆனது. அதனால் நாற்பதுகளின் நடுப்பகுதி என்பது என் கணிப்பு.

இன்னொரு தடயமும் உண்டு. 1952 ஆகஸ்டிலிருந்து, ஃபர் உடை எந்த விலங்கினுடையது, எந்த நாட்டிலிருந்து வந்தது, சாயம் போட்டதா என்றெல்லாம் எழுதித்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. இந்தக் கோட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டு விலைச்சீட்டோடு சேர்ந்து போயிருக்கலாம். இல்லாத ஒன்றை வைத்து மட்டும் முடிவு சொல்வது எனக்குப் பிடிக்காது.

அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமே ஏமாற்றுதான். முயல் ரோமத்தை ஒட்டக் கத்தரித்து, கறுப்புச் சாயம் தோய்த்து, 'எலெக்ட்ரிக் சீல்', 'சீலைன்' என்றெல்லாம் பெயர் வைத்து விற்றார்கள். கஸ்தூரி எலியின் தோல் 'ஹட்சன் சீல்' ஆனது. கையால் தடவினால் எல்லாமே வெல்வெட் மாதிரிதான் இருக்கும். முடியைப் பிளந்து கேட்டால்தான் உண்மை வரும்.

சரி, முடிக்கு வருவோம். முடியில் மூன்று அடுக்கு என்பது பள்ளிப் பாடம். வெளியே செதில், நடுவில் கார்டெக்ஸ், உள்ளே மெடுல்லா. நம் தலைமுடியில் மெடுல்லா மெலிந்து, பல இடங்களில் அறுந்தும் போயிருக்கும். விலங்குகளில் அப்படியில்லை. முடி வளரும்போது நடுவிலுள்ள செல்கள் காய்ந்து சுருங்கி, இடையிடையே காற்றறைகளை விட்டுவிடுகின்றன. அந்த அறைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது விலங்குக்கு விலங்கு மாறும்.

கறுப்புச் சாயம் இருந்தால் உள்ளே எதுவும் தெரியாது. முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்தேன். முடி மெதுவாகப் பழுப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வந்தது. கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் கரிய தண்டு ஒன்று ஓடியது. அது நிறமி அல்ல, காற்று. உள்ளே நுழையும் ஒளியைக் காற்றறைகள் கண்டபடி சிதறடித்துவிடுவதால் நம் கண்ணுக்கு அது வந்து சேர்வதில்லை. அதனால்தான் கறுப்பு.

அப்புறம் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டேன். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. கத்தரிப்பட்ட முனை வழியாக எண்ணெய் உள்ளே ஏறுகிறது. ஒரு அறை, அடுத்த அறை என்று காற்று வெளியேற, கறுப்பு ஒவ்வொன்றாக அணைந்து, தண்டு கண்ணாடியாகிறது. பஜ்ஜி வைத்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி ஊடுருவுமே, அதே சங்கதிதான். காற்று இருந்த இடத்தில், முடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருக்கமான எண்ணெய் வந்துவிட்டால் ஒளி சிதறாமல் நேராகப் போகிறது.

கண்ணாடியான முடிக்குள் தெரிந்தது மக்காச்சோளக் கதிர். தடித்த முடியில் நான்கைந்து வரிசையாக, முத்து முத்தாக அறைகள். மெல்லிய அடிமுடியில் மணி கோத்தது போல ஒற்றை வரிசை. கடல்நாய்க் கோட்டில் மேல்முடியை நீக்கி அடிமுடியை மட்டும்தான் விட்டுவைப்பார்கள், அந்த அடிமுடியில் மெடுல்லாவே கிடையாது. உறுதிப்படுத்திக்கொள்ள, நிறமற்ற நகப்பூச்சில் இன்னொரு முடியைப் பதித்து உரித்து எடுத்தேன். செதில்கள் 'வி' வடிவில் அடுக்கியிருந்தன. முயல்தான், சந்தேகமில்லை.

வயதை இன்னும் உறுதியாகச் சொல்லவும் வழி இருக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஐம்பதுகளின் நடுவிலிருந்து ஏறி, அறுபதுகளின் நடுவில் ஏறக்குறைய இரு மடங்கானது. தீனி வழியாக அது விலங்கின் முடிக்குள்ளும் போய்விடும். யானைத் தந்தம் எப்போது வளர்ந்தது என்று இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு முயல் கோட்டுக்காக அந்தச் செலவு வேண்டாம்.

இதெல்லாம் பழைய துணி ஆராய்ச்சி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். விற்கத் தடையுள்ள கீரி முடித் தூரிகைகளும், திபெத்திய மான் ரோமத்தில் நெய்த சாதூஷ் சால்வைகளும் பிடிபடும்போது வழக்கில் நிற்பது இந்த மெடுல்லாதான். நம் ஊரில் அதிர்ஷ்டம் என்று யானை முடி மோதிரம் போட்டுக்கொள்கிறார்கள். பலவற்றில் இருப்பது வெறும் நைலான், சுட்டால் உருகி உருண்டையாகும். நிஜ யானை முடியாக இருந்தால் அதை விற்பதே குற்றம். அதிர்ஷ்டம் இரண்டிலும் இல்லை. எந்த முடி எந்த விலங்கினுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரித் தொகுப்பு ஒன்று மாவட்டத்துக்கு மாவட்டம் வேண்டும். ஒரு கல்லூரிக்கு நுண்ணோக்கியும் ஒரு அலமாரியும் கொடுத்தால் ஆகிற வேலை. அதற்குக்கூட நிதி கேட்டு அலைய வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வாசகிக்குப் பதில் எழுதிவிட்டேன். முயல் என்று தெரிந்த பிறகும் கோட்டை வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். தோலை மடித்துப் பார்த்தபோது காகிதம் மாதிரி சரசரத்ததாம். அப்படியென்றால் தோல் காய ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஹீட்டர் பக்கமும் வேண்டாம். அகலமான ஹேங்கரில் மாட்டி, மேலே ஒரு பழைய பருத்திப் புடவையைப் போர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.