இல்லாத வழக்குக்குப் பக்க எண் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்கு, டர்பனில் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெறும் பெண் ஒருவர் வருகிறார். "அண்ணா, சாட்ஜிபிடி தவறாகச் சொல்வது சரி, இல்லாத தீர்ப்புக்குப் பக்க எண் வரை எப்படிச் சொல்கிறது?" என்று அவர் கேட்டார்.

2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் இதுவே சிக்கலானது. ஒரு தரப்பு வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டிய 9 வழக்குகளில் 2 மட்டுமே கிடைத்தன. அவற்றிலும் ஒன்றின் விவரம் பிழை.

அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கப் பழகிய எண்களின் தொகுதியே சாட்ஜிபிடிக்குள் இயங்கும் மொழி மாதிரி. அதற்குள் தீர்ப்புகளை அடுக்கிய அலமாரி இல்லை. இனி, நம் நாட்டுத் தீர்ப்புத் தொகுப்பின் மேற்கோளைக் கவனியுங்கள்: முதலில் ஆண்டு, பிறகு அடைப்புக்குறிக்குள் தொகுதி எண், அதன்பின் 'எஸ்ஏ' (தென்னாப்பிரிக்கத் தீர்ப்புத் தொகுப்பைக் குறிக்கும் சுருக்கம்), தொடக்கப் பக்கம், கடைசியில் நீதிமன்றத்தின் சுருக்கப் பெயர். ஆண்டை எழுதியதும் அடைப்புக்குறி வருவது ஏறக்குறைய உறுதி. தொகுதி எண்ணாக வரக்கூடியவை சில இலக்கங்களே. அடைப்புக்குறி மூடியதும் 'எஸ்ஏ' தானாக வந்து விழும். தளை தெரிந்தவர் பொருளற்ற சொற்களாலும் வெண்பா கட்டிவிடுவது போல, வடிவத்தில் மாதிரி பெரும்பாலும் தடுமாறுவதில்லை. ஐயமெல்லாம் பக்க எண்ணில்தான் வந்து குவிகிறது. புகழ்பெற்ற வழக்கென்றால், பலமுறை படித்த எண் முந்திக்கொண்டு நிற்கும். ஓரிரு இடங்களில் மட்டுமே கண்ட வழக்கென்றால், நூற்றுக்கணக்கான எண்கள் கிட்டத்தட்ட ஒரே எடையுடன் வரிசைகட்டும். அப்போதும் மாதிரி அவற்றுள் ஒன்றை எடுத்து எழுதிவிடுகிறது. எழுதிய எண், அடுத்த சொல்லைக் கணிப்பதற்கான ஆதாரமாகிவிடுவதுதான் எனக்கு மிகவும் வியப்பானது. பக்க எண்ணோடு வந்துவிட்ட வழக்கை, 'அப்படி ஒன்று இல்லை' என்று மறுக்கும் வாய்ப்பு அதன்பின் குறைகிறது. அந்தச் செயலியிடமே திரும்பக் கேட்பதும் இதனால்தான் பயன்படாது: கேள்வியிலேயே வழக்கின் பெயர் இருப்பதால், 'உண்டு' என்ற பக்கமே தட்டு சாய்கிறது.

கட்டங்கள் சரியாகப் போடப்பட்டிருப்பதால் ஜாதகப் பலனும் உண்மை என்று எண்ணும் பழக்கம், படித்தவர்களிடமும் இங்கே வேறு உருவில் தொடர்வதாகவே நான் கருதுகிறேன்.

முதலில் தீர்ப்புகளைத் தேடியெடுத்து, அவற்றின் வாசகத்தை மாதிரியிடம் கொடுத்து எழுதச் செய்யும் கருவிகள் ஓரளவு மேலானவை. ஆனால் தேடுவதற்கு நம்பகமான சேமிப்பு வேண்டுமே! விலையுயர்ந்த மென்பொருள்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது, தீர்ப்புகளைக் கட்டணமின்றி வெளியிடும் சாஃப்லி போன்ற தளங்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வகுப்பு முடிந்ததும், அவர் கையிலிருந்த குறிப்பில் ஒரு மேற்கோளை எடுத்து இருவரும் சாஃப்லியில் தேடினோம். வழக்கு இருந்தது, ஆண்டும் பொருந்தியது. குறிப்போ பணிநீக்கம் பற்றியது. தீர்ப்பு வீட்டு வாடகைத் தகராறு பற்றியது.