மேட்டூர் அணையின் முதல் இருபது அடி

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரும்வரை ஒன்றும் தெரியாது. ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வளைவில் காது கம்மென்று அடைத்துக்கொள்ளும். வெற்றிலை மடித்துக்கொண்டே "எச்சிய முழுங்கு கண்ணு, சரியாயிடும்" என்பார் என் அம்மாயி. விழுங்கினால் 'பட்'டென்று திறந்துகொள்ளும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதற்குள் காற்றழுத்தம் குறைவது ஏறத்தாழ 13 சதவீதம். அதே அளவு மாற்றத்தைத் தண்ணீரில் உணர ஒன்றரை மீட்டர்கூட இறங்க வேண்டாம். இருபது வளைவு சுற்றி ஏறும் மலையில் நடப்பது, கழுத்தளவு கிணற்றில் முங்கினாலே நடந்துவிடுகிறது.

கடற்படையின் சிறப்பு நடவடிக்கைப் படைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வரும். செய்திகளில் துப்பாக்கியும் முகமூடியும்தான் தெரிகின்றன. எனக்கோ அவர்களுடைய மூச்சுதான் பெரிய விஷயம். அந்தப் படைகள் இப்போதுள்ள வடிவத்தில் அமைந்ததற்கு மூச்சின் எல்லைகள் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சாதாரண முக்குளிப்பில் சிலிண்டர் காற்றை இழுத்து, தண்ணீருக்குள்ளேயே வெளியே விடுவார்கள். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வெளியே வருவதிலும் 16, 17 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நாம் எடுத்துக்கொள்வது அவ்வளவு கொஞ்சம். மீதியெல்லாம் குமிழியாகப் போகிறது. மீன் பார்க்கப் போகிறவருக்கு அது வீண்செலவு, அவ்வளவுதான். எதிரித் துறைமுகத்துக்குள் நீந்துகிறவருக்கோ குமிழி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் அவர்கள் மறுசுவாசக் கருவியை மார்பில் கட்டிக்கொள்கிறார்கள். விட்ட மூச்சு ஒரு பைக்குள் போய், சுத்தமாகி, மறுபடி வாய்க்கே வரும். உடம்பு செலவழித்த ஆக்சிஜனை மட்டும் ஒரு சின்ன உருளை ஈடுகட்டும். சரி, மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்சைடை என்ன செய்வது? அங்கேதான் அம்மாயியின் சுண்ணாம்பு டப்பா வருகிறது. கருவிக்குள் இருக்கும் சுத்திகரிப்புப் பெட்டியில் நீர்த்த சுண்ணாம்பைத்தான் குருணையாக்கி நிரப்புகிறார்கள், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து. பள்ளி ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீருக்குள் உறிஞ்சுகுழாயால் ஊதினால் பால்போல வெளுக்குமே, அதே வேலைதான் கடலுக்கடியிலும் நடக்கிறது. வினையில் சூடு வரும். பெட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஆபத்து. சுண்ணாம்பு கரைந்து காரத் தண்ணீராகக் குழாய் வழியே வாய்க்கு வந்துவிடும். வெற்றிலையில் ஒரு விரல் சுண்ணாம்பு கூடிப்போனாலே நாக்கு வெந்துபோகிறது. இது தொண்டைவரை புண்ணாக்கிவிடும்.

அப்புறம் ஆழம். இந்தக் கருவியில் சுவாசிப்பது கலப்பில்லாத ஆக்சிஜன். அதை அழுத்தத்தோடு சுவாசித்தால் மூளையைத் தாக்கும். முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் மரணம்தான். 1939-ல் பிரிட்டனின் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபிறகு, பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன் தன்னையே அழுத்த அறைக்குள் அடைத்துக்கொண்டு இதையெல்லாம் சோதித்துப் பார்த்தார். ஒரு வலிப்பில் முதுகில் அடிபட்டு, அந்த வலி நீண்ட நாள் அவரை விடவில்லை. பின்னாளில் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தார். இன்று ஆக்சிஜன் கருவிக்கு வழக்கமான எல்லை ஆறு மீட்டர், அதாவது இருபது அடி. அந்த ஆழத்தில் அழுத்தம் 1.6 வளிமண்டலம். மேட்டூர் நிரம்பி 120 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுகிறோம் அல்லவா? அதில் மேலிருக்கும் முதல் இருபது அடிதான் இவர்களுடைய உலகம்.

குமிழியில்லாமல் இருபது அடிக்குள் நீந்துகிறவர் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிது. சுண்ணாம்பு தீர்வதற்குள், குளிரில் கை மரத்துப்போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அப்படியானால் அவரை இலக்குக்குப் பக்கத்தில் யாராவது கொண்டுபோய் விட்டாக வேண்டும். 1941 டிசம்பரில் இத்தாலியர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஷிரே என்ற நீர்மூழ்கிக் கப்பல் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு அருகே கொண்டுபோய் விட, ஆறு பேர் இரண்டிரண்டாக, மெதுவாக ஓட்டிச்செல்லும்படி செய்த மூன்று டார்பிடோக்கள் மேல் உட்கார்ந்து உள்ளே போனார்கள். அவர்கள் வைத்த குண்டுகள் வெடித்து, பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் துறைமுகத் தரையில் உட்கார்ந்துவிட்டன. ஆறு பேரும் பிடிபட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் போர்க் கட்டளையகத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவின் கொரனாடோவில் தலைமையகம். ஒரு ரியர் அட்மிரல் தலைவர். அதன் கமாண்டோக்களுக்கு சீல் என்று பெயர். சீல் அணிகளில் ஒற்றைப்படை எண் கொண்டவை மேற்குக் கரையில், இரட்டைப்படை எண் கொண்டவை கிழக்குக் கரையில். அணிக்குள் இருக்கும் ஒரு பிளாட்டூனில், அதாவது சிறு பிரிவில், வழக்கமாக 16 பேர். இவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவர வேகப்படகு அணிகள் தனியாக உண்டு. ஹவாயின் பேர்ல் ஹார்பரில் இருக்கும் ஓர் அணிக்கு, நீர்மூழ்கியின் முதுகிலிருந்து கிளம்பும் குட்டி வாகனங்களை ஓட்டுவதுதான் வேலை. வாகனத்துக்குள்ளும் தண்ணீர்தான், நனைந்தபடியே உட்கார்ந்து போக வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 10,000 பேரில் சீல் வீரர்கள் நாலில் ஒரு பங்கு அளவுதான். மீதிப் பேரில் படகோட்டிகள் போக, பயிற்சி, மருத்துவம், உளவு, தகவல்தொடர்பு, கருவிப் பராமரிப்பு என்று எத்தனையோ வேலைக்காரர்கள்.

இந்தக் கட்டளையகம் 1987 ஏப்ரல் 16 அன்று உருவானது. முப்படைகளின் சிறப்புப் படைகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த கூட்டுக் கட்டளையகமும் அதே நாளில்தான் பிறந்தது. 1980-ல் ஈரானில் பிணைக் கைதிகளை மீட்கப் போய், பாலைவனத்தில் எட்டுப் பேரைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். ஹெலிகாப்டர் ஒரு படையுடையது, ஓட்டுகிறவர் வேறு படை, சண்டை போடுகிறவர் இன்னொரு படை, ஒன்றாகப் பழகியிருக்கவில்லை. அந்த அடி கற்றுக்கொடுத்ததுதான், கடற்படையோடும் கூட்டுக் கட்டளையகத்தோடும் உள்ள இந்த இரட்டைத் தொடர்பு. கப்பல், சம்பளம் போன்ற பொதுவானவை கடற்படையின் பொறுப்பு. சிறப்புப் பணிக்கென்றே வாங்கும் கருவிகளுக்குக் கூட்டுக் கட்டளையகத்தின் பணம்.

நம் கடற்படையின் கமாண்டோ படையான மார்கோஸும் அதே 1987-ல் உருவானதுதான். மும்பையில் ஐ.என்.எஸ். அபிமன்யு, விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். கர்ணா என இரண்டு தளங்கள். மார்கோஸ் கடற்படையின் கீழ்தான் இயங்குகிறது. முப்படைச் சிறப்பு வீரர்களும் சேர்ந்த ஒரு பிரிவு 2019-ல் வந்தது. சேர்ந்து இயங்குவதன் அருமையை 2024 மார்ச்சில் பார்த்தோம். இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டருக்கு அப்பால் ரூயென் என்ற கப்பலைக் கொள்ளையர்கள் வைத்திருந்தார்கள். விமானப்படையின் சி-17 விமானம் கமாண்டோக்களையும் அவர்களுடைய படகுகளையும் கடலில் இறக்கியது. கடற்படைக் கப்பல்கள் கொள்ளையரை மடக்கி நின்றன. 40 மணி நேரத்தில் 35 பேர் சரணடைந்தார்கள், கப்பல் ஊழியர் 17 பேரும் உயிரோடு மீண்டார்கள்.

படத்தில் வராத ஒருவரையும் சொல்ல வேண்டும். முக்குளிக்கும் முன் யாரோ ஒருவர் அந்தப் பெட்டியில் சுண்ணாம்புக் குருணையை நிரப்புகிறார். படியில் நெல் அளப்பதுபோலக் கொஞ்சம் கொட்டி, பக்கத்தில் தட்டி, மறுபடி கொட்டுகிறார். நடுவில் சந்து இருந்தால் மூச்சு அந்த வழியாகவே சுத்தமாகாமல் ஓடிவந்துவிடும். தலைவலி, குழப்பம், மயக்கம் என்று முடியும். வேலை முடிந்து திரும்பியதும் பெட்டியைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். கொட்டியதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். நம் சங்ககிரியில் வெட்டி எடுக்கிறார்களே சுண்ணாம்புக்கல், அதுவும் கால்சியம் கார்பனேட்தான். கடலுக்கடியில் ஒருவர் விட்ட மூச்சு அதில் கல்லாகிக் கிடக்கிறது.